எல்லா சிஸ்டத்திலும் என் பெயர்

உட்காருங்கள். ஃபேனுக்குக் கீழே வந்து உட்காருங்கள், அந்த ஓரத்தில் காற்று வராது. மேகலா சாப்பிடப் போயிருக்கிறாள். அவள் வந்தால்தான் உங்கள் சான்றிதழ் நகல் கிடைக்கும். எனக்கு எடுக்கத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். இந்த பாலிடெக்னிக்கில் முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்றைக்கே அதன் முன்னால் உட்கார்ந்தவள் நான். ஆனால் உங்கள் சான்றிதழ் இப்போது மேகலாவின் அக்கவுண்டில் இருக்கிறது. அவள் அக்கவுண்டை அவள்தான் திறக்க வேண்டும். புது ஏற்பாடு அப்படி.

போன மாதம் வந்திருந்தீர்கள் என்றால் நானே எடுத்துக் கொடுத்திருப்பேன். அதாவது, மேகலாவிடம் எடுக்கச் சொல்லியிருப்பேன். அப்போது இரண்டும் ஒன்றுதான்.

நான் செல்லக்கனி. ஆபீஸ் சூப்பிரண்டென்ட். கதவில் போட்டிருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். வருகிற மே மாதம் எனக்கு ரிட்டையர்மென்ட். போக மாட்டேன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பிரின்சிபாலே சொன்னார். "நீங்க இல்லாம ஆபீஸ் திறக்காது மேடம். இன்னும் ரெண்டு வருஷம் இருந்துட்டுப் போங்க. டிரஸ்ட்ல நான் பேசுதேன்." பொங்கலுக்கு முன்னால் சொன்னார், இதே இடத்தில் நின்று. எனக்கு அந்த இரண்டு வருஷம் வேண்டும். சம்பளத்துக்காக இல்லை. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் அவள் வீட்டில் இருக்கிறாள். காலையில் எழுந்து நான் எங்கே போவேன், சொல்லுங்கள்.

ஆபீஸ் திறக்காது என்று அவர் சொன்னது சும்மா பேச்சுக்கு இல்லை. உண்மையாகவே திறக்காது. நான் சொல்லுகிறேன், கேளுங்கள். அவள் வர நேரமாகும்.

இந்த அறையில் மூன்று சிஸ்டம். கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே என்னுடையது ஒன்று. வாங்கிய அன்று, மாட்ட வந்தவன் கேட்டான், "யார் பேர்ல போடணும்?" பக்கத்தில் நான்தான் நின்றேன். என் பெயரைச் சொன்னேன். நான்கிலும் அதே பெயரைப் போட்டு, ஒரே பாஸ்வேர்டை என்னிடம் வைக்கச் சொல்லிவிட்டுப் போனான். அதிலிருந்து இந்த ஆபீசில் யார் உட்கார்ந்தாலும் செல்லக்கனியாகத்தான் உட்கார வேண்டும். மேகலா செல்லக்கனி. சுடலைமணி செல்லக்கனி. ரெஜினாவும் செல்லக்கனி. சுடலைமணி வாய்க்கொழுப்புக்காரன், போனில் யாராவது "யார் பேசுறது?" என்று கேட்டால் "மூணாவது செல்லக்கனி" என்பான். நான் கோபப்படுகிற மாதிரி காட்டிக்கொள்வேன். பிடிக்காமல் இல்லை.

காலையில் ஒன்பதரைக்கு வருவேன். தோளில் இருக்கும் பையைக்கூட இறக்க மாட்டேன். முதலில் மேகலா சிஸ்டம், அடுத்தது சுடலைமணி, அடுத்தது ரெஜினா. திரையில் என் பெயர் தயாராக நிற்கும், பாஸ்வேர்டை மட்டும் அடிக்க வேண்டும். நான் அடிக்கிறபோது அவர்கள் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார்கள். நான் சொல்லிக்கொடுத்த பழக்கம் இல்லை. அவர்களாக வைத்துக்கொண்ட மரியாதை. ரெஜினா கண்ணைக்கூட மூடிக்கொள்வாள்.

டீ குடித்துவிட்டு வருவதற்குள் திரை பூட்டிக்கொள்ளும். "மேடம், கொஞ்சம் வந்து திறந்து விடுங்களேன்" என்று கூப்பிடுவார்கள். எழுந்து போவேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை! முழங்கால் வலியோடு. ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. வீட்டில் என்னை யார் அப்படிக் கூப்பிடுகிறார்கள்?

அதனால்தான் லீவு எடுக்க மாட்டேன். நான் வராவிட்டால் மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் இல்லையா? காய்ச்சலோடு வந்திருக்கிறேன். என் மகள் சுபாஷினியின் பிரசவத்தன்று வந்தேன், அதைவிடவா? இதே கோவில்பட்டியில்தான் ஆஸ்பத்திரி. விடியற்காலையில் வலி எடுத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். ஒன்பது மணி ஆனதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அட்மிஷன் நேரம். "அரை மணி நேரத்துல வந்துருதேம்மா" என்று கையை எடுத்துவிட்டு, ஆட்டோ பிடித்து, இங்கே வந்து மூன்றிலும் அடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். மேகலா, "ஏன் மேடம் வந்தீங்க, போங்க, போங்க" என்று பதறினாள். எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன். போவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பேரன். சுபா கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள், "எங்கம்மா போயிருந்த?" ஆபீசுக்கு என்றேன். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் அவள் என்னிடம் எதையும் கேட்பதில்லை.

அதைச் சொல்ல வரவில்லை. இந்த மூன்று பேரை எப்படி வைத்திருந்தேன் என்று சொல்ல வந்தேன்.

எல்லாம் என் பெயரில் இருந்ததால் அவர்கள் வேலை எல்லாமே என் கண் முன்னால் இருக்கும். மதியம் அவர்கள் சாப்பிடப் போகும்போது ஒரு சுற்றுப் பார்ப்பேன். படிப்பது என்று அதைச் சொல்ல முடியாது. என் பெயருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டாமா? அப்படித்தான் சுடலைமணி தங்கச்சி ஜாதகத்தை டைப் செய்து வைத்திருந்ததைப் பார்த்தேன். செவ்வாய் தோஷம். பாவம், வெளியே சொல்லத் தெரியாமல் தவிக்கிறானே என்று நானே கேன்டீனில் நாலு பேரிடம் சொல்லி வரன் கேட்டேன். ரெஜினா ஒரு டாக்டர் சீட்டை ஸ்கேன் செய்து வைத்திருந்தாள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை, அதற்கான வைத்தியம். ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் சொல்லி அவளுக்காக ஜெபம் செய்ய வைத்தேன். நான் கோயிலுக்குப் போகிறவள்தான், இருந்தாலும் அவளுக்காகக் கண்ணை மூடி நின்றேன். ரெஜினா அன்றைக்கு அழுதாள். எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது.

மேகலா விஷயம் பெரிது. ராஜபாளையம் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். விண்ணப்பம், பயோடேட்டா, அவர்கள் வரச் சொன்ன பதில், எல்லாம் என் பெயருக்குக் கீழே கிடக்கிறது, என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. இரண்டு சின்னப் பிள்ளைகள். தினமும் அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய் வந்தால் உடம்பு என்ன ஆகும்? அப்போதே நேராகப் பிரின்சிபாலிடம் போனேன். "சார், மேகலா போயிட்டா அட்மிஷன் நின்னு போகும்" என்றேன். அவர் அனுபவச் சான்றிதழைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்தார். அங்கே அந்த இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. மேகலா என்னோடு இருந்தாள். அவளைக் காப்பாற்றியது நான். அவளுக்கு அது தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். தெரிந்திருந்தால் நன்றியோடு இருந்திருப்பாள்.

சரி. இப்போது நடந்ததற்கு வருகிறேன்.

இந்த சிஸ்டத்தில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது பழைய விண்டோஸ். அதற்கு இனிமேல் பாதுகாப்பு வராது, வைரஸ் வந்தால் பொறுப்பில்லை என்று டிரஸ்ட் ஆபீசில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றச் சொல்லி உத்தரவு. திருநெல்வேலியிலிருந்து ஒரு பையன் வந்தான். நாகூர் மீரான் என்று பெயர். நல்ல பையன், அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை காலையில் வந்து, பையைத் திறந்து ஒயரை எல்லாம் எடுத்து வைத்துவிட்டுக் கேட்டான்:

"மேடம், எத்தனை யூசர்?"

"ஒண்ணு."

"சிஸ்டம் நாலு. யூசர் ஒண்ணா?"

"ஒண்ணுதான். நான்தான்."

சிரித்துவிட்டான். "புதுசுல அப்படிப் போட முடியாது மேடம். டிரஸ்ட்ல சொல்லி விட்டிருக்காங்க. ஆளுக்கொரு அக்கவுண்ட்."

"போட்டுக்கோங்க தம்பி. நாலு போடுங்க. நாலுக்கும் பாஸ்வேர்டு நான் தாரேன்."

"அது அவங்கவங்கதான் வைக்கணும் மேடம்."

பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வைத்துவிட்டு என்னிடம் சொல்லாமலா இருக்கப் போகிறார்கள்? மேகலா சிஸ்டத்தைத் திறந்து தரச் சொன்னான். போய் அடித்தேன். அவர்கள் மூன்று பேரும் வழக்கம்போல் சுவரைப் பார்த்து நின்றார்கள். மீரான் மட்டும் என்னையே பார்த்தான்.

"மேடம்."

"என்ன?"

"மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே அடிங்க மேடம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுடலைமணியின் முதுகு குலுங்கியது. இருமுகிறான் என்று நினைத்தேன்.

மீரான் உள்ளே போய் எதையோ திறந்து பார்த்தான். பிறகு நாற்காலியோடு என் பக்கம் திரும்பினான். "ஒண்ணுன்னு சொன்னீங்களே மேடம். இதுல ரெண்டு இருக்கு."

"ரெண்டா?"

"செல்லக்கனி ஒண்ணு. மேகலா ஒண்ணு. உங்கதுல ஒண்ணுமே இல்ல. அந்தக் காலத்து ஃபைல் நாலஞ்சு கிடக்கு, அவ்வளவுதான். வேலை பூரா மேகலா அக்கவுண்ட்லதான் நடந்திருக்கு."

அடுத்த சிஸ்டம். செல்லக்கனி ஒன்று, சுடலைமணி ஒன்று. அதற்கடுத்ததில் செல்லக்கனி, ரெஜினா. கண்ணாடிக்குள்ளே என்னுடையதில் மட்டும் நான் ஒருத்தி.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். பார்த்துச் சொன்னான். ஆறு வருஷம். மாதத்தையும் சொன்னான். ராஜபாளையம் பேச்சு முடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அவளுக்கு நான் அவ்வளவு பெரிய நன்மை செய்த அதே நேரம், பாருங்கள்! மற்ற இருவருக்கும் அதே மாதம். மேகலாதான் போட்டுக் கொடுத்திருக்கிறாள். மதியச் சுற்றில் ஒன்றும் கண்ணில் படாதபோதெல்லாம், பிள்ளைகள் திருந்திவிட்டார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

"அப்படின்னா காலையில என் பேர் வந்து நிக்குதே தம்பி?"

"கடைசியா உள்ள போனவங்க பேர்தான் மேடம் நிக்கும். சாயங்காலம் மூடும்போது உங்க பேர்ல ஒரு தடவை உள்ள போயிட்டு மூடியிருக்காங்க. மறுநாள் உங்க பேர் இருக்கணும்ல, அதுக்கு. பகல்லயும் நடுநடுவுல அப்படிப் போயிருக்காங்க."

நான் நாலேமுக்கால் கயத்தாறு பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன். ஐந்து மணிக்கு இவர்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு செல்லக்கனியை எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஆறு வருஷம். ஒரு நாள்கூட மறக்கவில்லை.

"என் பாஸ்வேர்டு இல்லாம எப்படி உள்ள போவாங்க?"

மீரான் ஒயரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டான். கடைசியில் சுடலைமணிதான் வாயைத் திறந்தான்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அடிக்கும்போது ஒவ்வொரு எழுத்தா வாயால சொல்லிக்கிட்டே அடிப்பீங்க. நாங்க சுவரைப் பாத்துதான் நிப்போம். காது இருக்குல்லா?"

நான் சொல்வேனாம். எனக்குத் தெரியாமல் என் வாய் சொல்லுமாம். இருக்கட்டும். சொன்னேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்பிள்ளை அசதியில் வாய்விட்டுச் சொல்வதைக் கேட்டு மனப்பாடம் செய்வது யார் தப்பு?

நான் சத்தம் போட்டேன். மறைக்கவில்லை, நன்றாகவே சத்தம் போட்டேன். மாணவர்கள் ஜன்னலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். "உங்களுக்கே திறக்கத் தெரியும்னா, எதுக்குடி என்னை நாளைக்குப் பத்து தடவை கூப்பிட்டீங்க? என் முழங்கால் உங்களுக்கு விளையாட்டா?"

ரெஜினா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள், "கூப்பிட்டா நீங்க சந்தோஷமா வருவீங்க மேடம். அதான்."

கேட்டீர்களா பதிலை? மேகலா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதையோ யோசிக்கிற மாதிரி.

நேரே பிரின்சிபாலிடம் போனேன். இப்படி நடந்திருக்கிறது சார், ஆறு வருஷமாக, என் பெயரை வைத்து நாடகம் போட்டிருக்கிறார்கள், மூன்று பேருக்கும் மெமோ கொடுங்கள் என்றேன். ஆதியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"அப்போ ஆறு வருஷமா நீங்க திறக்கலைன்னாலும் ஆபீஸ் திறந்திருக்கும்?"

"அது வந்து சார்..."

"பரவாயில்லையே!" என்று சிரித்தார். அப்படியொரு சிரிப்பு. சிரித்து முடித்துவிட்டு, "விடுங்க மேடம், சின்னஞ்சிறுசுங்க. மே மாசம் உங்களுக்கு ஜாம் ஜாம்னு ஒரு விழா எடுத்துருவோம்" என்றார்.

இரண்டு வருஷத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் கேட்கவும் இல்லை. வாசல் வரைக்கும் வந்து கதவைத் திறந்துவிட்டார். அதற்கு முன்னால் ஒருநாளும் அவர் எனக்குக் கதவைத் திறந்துவிட்டதில்லை.

அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். காற்றாலையாகப் போய்க்கொண்டிருந்தது. சுடலைமணியையும் ரெஜினாவையும் நினைத்து எனக்கு ஒன்றும் இல்லை. மேகலாதான். அவள் குழந்தைக்குக் காது குத்தியபோது நான் போயிருந்தேன். மதியம் என் டப்பாவில் என்ன இருந்தாலும் அவளுக்குப் பாதி. ஆறு வருஷம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, போய் வேறொரு ஆளாக உள்ளே நுழைந்து வேலை பார்த்திருக்கிறாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இவர்கள் மூன்று பேரையும் செமினார் ஹாலில் ஏதோ இன்ஸ்பெக்‌ஷன் ஒத்திகைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மீரான் ஒவ்வொரு சிஸ்டமாகப் பழையதை ஒரு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, சுத்தமாகத் துடைத்து, புதியதைப் போட்டு, எடுத்ததைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டிருந்தான். மேகலா சிஸ்டத்தைக் கடைசியாக எடுத்தான். திரையில் இரண்டு பெயர், பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், கட்டத்தில் டிக். மணியைப் பார்த்தான். ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது.

"மேடம், இதுல டிக் இருக்கிறது மட்டும்தான் புதுசுக்கு வரும். ரெண்டுலயும் டிக் இருக்கு. ஒரு தடவை பாத்துட்டு இந்த பட்டனை அமுக்கிருங்க. எடுத்துக்கிட்டு இருக்கும், நான் தொழுதுட்டு வந்துருதேன்."

போய்விட்டான். அறையில் நான் மட்டும்.

ஒரு தடவை பாருங்கள் என்றான். பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன யோசித்தேன் தெரியுமா? அட்மிஷன், மார்க், சான்றிதழ், பழைய மாணவர் விவரம், உங்களுடையதும்தான், எல்லாம் அவள் பெயருக்குக் கீழே. என் பெயருக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஆறு வருஷ வேலை ஆபீஸ் வேலைதானே? அது என் பெயரில் இருந்திருக்க வேண்டிய வேலை. என் பெயரிலிருந்து எடுத்துக்கொண்டு போனது. அது வராவிட்டால்? பீரோவில் இருக்கும் காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஏற்ற வேண்டும். எந்தக் கட்டு எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மேகலா அடிப்பாள். அழுவாள், முதலில் அழுவாள். "அழாத, நான் இருக்கேன்ல" என்பேன். ஏற்றி முடிக்க எப்படியும் இரண்டு வருஷம் ஆகும்.

நான் எதையும் அழிக்கவில்லை. ஒரு டிக்கை எடுத்தேன். அவ்வளவுதான். பட்டனை அமுக்கினேன்.

மீரான் வந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுதான் மேடம் வந்திருக்கு, மேகலா அக்கவுண்ட் வரலையே" என்றான்.

"அது வேண்டாம்."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"தம்பி, இங்க சூப்பிரண்டென்ட் யாரு?"

"பெறகு எடுக்க முடியாது மேடம். துடைச்சா துடைச்சதுதான்" என்றான். துடைங்க என்றேன். துடைத்தான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னால் நம்புவீர்களா? ஞாயிற்றுக்கிழமை மேகலாவுக்குப் பிடிக்கும் என்று அதிரசம் செய்தேன். அழுகிற பிள்ளைக்குக் கொடுக்க ஏதாவது வேண்டாமா?

திங்கட்கிழமை புது சிஸ்டம். பளிச்சென்று இருந்தது. ஒவ்வொருவராக வந்து பாஸ்வேர்டு வைக்கச் சொன்னான் மீரான். சுடலைமணி வைத்தான், ரெஜினா வைத்தாள். மேகலா உட்கார்ந்தாள். எனக்குப் பழக்கம், அவள் பின்னால் போய் நின்றுவிட்டேன். அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். கோபமாக இல்லை. சும்மா காத்திருந்தாள். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றேன். இத்தனை வருஷத்தில் அந்தச் சுவரை நான் பார்த்ததே இல்லை. வெள்ளை அடித்து எவ்வளவு நாளாயிற்றோ.

திரும்பிப் பார்த்தபோது அவள் திரை காலியாக இருந்தது. ஒரு ஃபைல் இல்லை. மீரான் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். நான் என் மேஜைக்குப் போய் அதிரச டப்பாவின் மூடியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவள் கூப்பிடட்டும் என்று.

கூப்பிடவில்லை. அழவும் இல்லை. அந்தக் காலித் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கீழே குனிந்து, தன் கைப்பையை எடுத்து, சோப்பு டப்பா அளவில் கறுப்பாக ஒன்றை வெளியே எடுத்தாள். ஒயரைச் சொருகினாள். அவ்வளவுதான். மளமளவென்று எல்லாம் வந்து நிறைந்தது. ஆறு வருஷமும்.

எழுந்து போனேன்.

"இதை எப்ப எடுத்த?"

"வியாழக்கிழமை சாயங்காலம் மேடம். நீங்க பஸ்ஸுக்குப் போனப்புறம். டிஸ்க் எங்க வீட்டுக்காரரோடது."

வியாழக்கிழமை சாயங்காலம். நன்றாகக் கேளுங்கள், நீங்கள் வெளி ஆள், எங்கள் இரண்டு பேரையும் தெரியாது, அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நான் டிக்கை எடுத்தது வெள்ளிக்கிழமை மதியம். வியாழக்கிழமை சாயங்காலம் நான் பஸ்ஸில் இருக்கிறேன். அப்படி ஒன்றைச் செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. சத்தியமாகத் தெரியாது. எனக்கே தெரியாதது அவளுக்கு எப்படித் தெரிந்தது?

"சரி, இத விடு" என்றேன். "சுபா பிரசவத்தன்னைக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? வராதீங்க மேடம், எங்களுக்கே திறக்கத் தெரியும்னு ஒரு வார்த்தை. என் மகள் கையை விட்டுட்டு வந்தேனே."

அவள் முகம் அப்போதுதான் கொஞ்சம் மாறியது. "போனைக் கையில எடுத்துட்டேன் மேடம்" என்றாள்.

"பெறகு?"

"சொல்லியிருந்தா, வெள்ளிக்கிழமை செஞ்சத அன்னைக்கே செஞ்சிருப்பீங்க. அன்னைக்கு எங்கிட்ட டிஸ்க் இல்ல."

சொல்லிவிட்டு, "டீ சொல்லட்டுமா மேடம்?" என்றாள். சுடலைமணி ஒன்றும் கேலி பேசவில்லை. அவன் பேசியிருந்தால்கூடத் தேவலை.

போன வாரம் உத்தரவு வந்துவிட்டது. ஜூனிலிருந்து அவள்தான் சூப்பிரண்டென்ட். பிரின்சிபால் என்னையே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். என்னை இருக்கச் சொல்லி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதுகூடப் போகட்டும். நான் செய்தேனா இல்லையா என்பது வேறு. செய்வதற்கு ஒரு நாள் முன்னாலேயே, இவள் இப்படிச் செய்வாள் என்று ஒருத்தி முடிவு செய்து, வீட்டுக்காரரிடம் டிஸ்க் கேட்டு வாங்கி, பையில் போட்டு வைத்திருக்கிறாள் என்றால், ஆறு வருஷம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டபோது அவள் மனதில் நான் யார்? அதைச் சொல்லுங்கள். யாருக்கு யார் துரோகம் செய்தது?

என்ன, எழுந்துவிட்டீர்கள்? வெளியில் போய் நிற்க வேண்டாம், வெயில். உட்காருங்கள். அவள் வந்துவிடுவாள், நேரம் தவற மாட்டாள், அதை நான் சொல்லியே ஆக வேண்டும். அவள் வருகிற வரைக்கும், வருகிறவர்களை உட்கார வைத்து நான் பேசிக்கொண்டிருக்க வேண்டும். மே வரைக்கும் எனக்கு அந்த வேலைதான் கொடுத்திருக்கிறார்கள்.